நீளமான பெயருள்ள கோப்புகளை டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் நகலெடுக்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடுங்கள்

டேபிளில் ஒரு பக்கம் பழைய பெயர், பக்கத்திலேயே புதிய பெயர். ஒரு லூப் போட்டு ஒவ்வொரு கோப்பையும் நகலெடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். கேட்டால் அரை மணி நேர வேலை போலத்தான் இருக்கும். ஸ்கேன் செய்த ஆவணங்களை மாதாமாதம் இப்படி இடம் மாற்றும் வேலையைச் சில வருடங்கள் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று உடையும். உடைந்த விதங்களை எழுதி வைத்த தாள்தான் இது.

இங்கே பேசுவது பெரும்பாலும் விண்டோஸில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர், அதற்குள்ளிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் எக்ஸ்பி சிஎம்டிஷெல் (இனி சிஎம்டிஷெல்) வழியாகப் போகும் காப்பி (நகல்), ரென் (பெயர் மாற்றம்) கட்டளைகள் பற்றி. ஆரக்கிளுக்கும் லினக்ஸுக்கும் பொருந்துவதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

கோப்பைத் தேடாதீர்கள், கட்டளையைப் பாருங்கள். டேட்டாபேஸ் கோப்பைத் தொடுவதே இல்லை. அது ஒரு வாக்கியத்தைக் கட்டி வேறொருவர் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த வாக்கியத்தில்தான் இருந்தன. கோப்பு பாவம், சும்மா இருந்த இடத்திலேயே இருக்கும்.

லூப்பில் ஓட்டும் வரியை நிறுத்திவிட்டு, கட்டளையை மட்டும் செலக்ட் போட்டு வெளியே எடுங்கள். ஒரு கட்டளையை நகலெடுத்து, சர்வரிலேயே கமாண்ட் விண்டோவைத் திறந்து ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் கோளாறு கட்டளையில். அங்கே ஓடி, ஸ்கிரிப்டில் மட்டும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அனுமதியில். இந்த ஒரு சோதனையிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் முடிவை டெக்ஸ்டாகப் பார்க்கும்படி வைத்திருந்தால், ஒரு நெடுவரிசைக்கு 256 எழுத்துதான் காட்டும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. பாத் (கோப்பு இருக்கும் முழு முகவரி) இரண்டு தடவை வரும் கட்டளை சுலபமாக 256-ஐத் தாண்டும். கட்டளை நடுவில் வெட்டுப்பட்டதாக நினைத்து ஒரு மதியம் முழுக்க ஸ்கிரிப்டைக் குடைந்திருக்கிறேன். வெட்டுப்பட்டது திரையில் மட்டும். கிரிடில் பாருங்கள், கூடவே டேட்டாலெந்த் ஃபங்ஷன் போட்டு உண்மையான அளவையும் பாருங்கள்.

## அறிகுறி: ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தது, ஆனால் கோப்பு எங்கேயும் இல்லை

கோப்பு சர்வரின் டிரைவில் இருக்கிறதா? கட்டளையில் வரும் சி டிரைவ் உங்கள் கணினியின் சி டிரைவ் அல்ல, டேட்டாபேஸ் ஓடும் சர்வருடையது. அனுபவசாலிகளும் வருடத்துக்கு ஒரு முறையாவது இதில் விழுவார்கள். சர்வரில் போய்ப் பாருங்கள், கோப்புகள் வரிசையாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

கட்டளையே நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆகிவிட்டதா? புதிய பெயர் காலியாக உள்ள ஒரு பதிவு வந்தால், கூட்டல் குறி போட்டு இணைத்த மொத்தச் சரமும் நல் ஆகிவிடும். கட்டளை நல்லாக உள்ள பதிவுகளை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். கான்கேட் ஃபங்ஷனுக்கு மாற்றினால் இது போய்விடும் என்பார்கள். போகும், ஆனால் நல் இருந்த இடத்தில் வெற்றிடம் வந்து, பெயரில்லாமல் வெறும் ஃபோல்டர் பாத்தோடு கட்டளை ஓடும். அப்போது பழைய பெயரிலேயே நகல் விழும். நல்லைத் தடுத்து நிறுத்துவதே நல்லது.

திரும்பி வரும் எண்ணைப் பிடித்தீர்களா? கட்டளை தோற்றாலும் சிஎம்டிஷெல் டேட்டாபேஸ் பிழை எதையும் எழுப்பாது. டிரை-கேட்ச் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அதில் ஒன்றும் விழாது. 0 வந்தால் வெற்றி, 1 வந்தால் தோல்வி. அந்த எண்ணை ஒரு மாறியில் பிடித்து ஒவ்வொரு பதிவுக்கும் எழுதி வையுங்கள். கட்டளை திரையில் சொன்னதையும் ஒரு டேபிளில் கொட்டி வையுங்கள். அந்த வெளியீட்டு நெடுவரிசையின் அகலம் 255 எழுத்துதான் என்பதையும் மறக்க வேண்டாம். நீளமான பாத்களை டிர் கட்டளையால் பட்டியலிட்டு அதையே மூலமாக வைத்துக்கொண்டால், 255-ஐத் தாண்டிய பெயர் ஒரே பதிவில் முழுதாக வராது.

சிஎம்டிஷெல்லே முடக்கப்பட்டிருந்தால் இந்த அமைதி இருக்காது, தெளிவாகப் பிழைச் செய்தி வரும். 2005 பதிப்பிலிருந்து அது முடக்கிய நிலையில்தான் வருகிறது. திறப்பது இரண்டு வரி வேலைதான், ஆனாலும் அதை நீங்களாகச் செய்யாதீர்கள். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முடிவு. டேட்டாபேஸ் நிர்வாகியிடம் கேளுங்கள்.

## அறிகுறி: "குறிப்பிட்ட கோப்பு கிடைக்கவில்லை"

கண்ணெதிரே கோப்பு இருக்கும், இல்லை என்று சொல்லும். மிக அதிகமாக வரும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

### பெயரில் இடைவெளி இருக்கிறதா

நீளமான பெயர் என்றாலே இடைவெளி இருக்கும். பாத்தைச் சுற்றி இரட்டை மேற்கோள் வேண்டும், மூலத்துக்கு ஒரு ஜோடி, சேருமிடத்துக்கு ஒரு ஜோடி. ஒற்றை மேற்கோள் எஸ்க்யூஎல்லுக்குப் புரியும், கமாண்ட் விண்டோவுக்கு அது வெறும் எழுத்து. கட்டளை முடிவில் இப்படித் தெரிய வேண்டும்:

காப்பி "டி:\வரவு\மார்ச் மாத அறிக்கை.பிடிஎஃப்" "இ:\காப்பகம்\அறிக்கை 03.பிடிஎஃப்"

### சரம் வெட்டுப்பட்டதா

எழுத்துச் சரங்களுக்கான வகையை வார்கேர் என்று மட்டும் எழுதி அடைப்புக்குள் அளவு போடாமல் விட்டால், டிக்ளேர் செய்யும்போது அதன் நீளம் 1, காஸ்ட் அல்லது கன்வெர்ட்டில் 30. குட்டிப் பெயர்களோடு சோதித்தால் 30-க்குள் அடங்கி எல்லாம் ஓடும். உண்மையான தரவு வந்ததும் உடையும். டேபிளில் நீளம் மீறினால் எஸ்க்யூஎல் சர்வர் கத்தும். மாறியில் போடும்போது கத்தாது, சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் போகும்.

எல்லா மாறிகளையும் என்வார்கேர் (யூனிகோட் எழுத்துகளுக்கான வகை) 4000 என்று வைத்துவிட்டால் நிம்மதி. மேக்ஸ் என்று போட்டால் சிஎம்டிஷெல் ஏற்காது. கமாண்ட் விண்டோவே மொத்த வரியில் 8191 எழுத்துக்கு மேல் ஏற்காது, இரண்டு பாத்துக்கு 4000 போதும்.

### கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கிறதா

வார்கேர் இல்லாமல், நீளம் மாறாத கேர் வகையில் பெயரைச் சேமித்திருந்தால் பின்னால் இடைவெளிகள் நிரம்பியிருக்கும். லென் ஃபங்ஷன் பின் இடைவெளிகளை எண்ணாது, அதனால் அதைக் கொண்டு சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். டேட்டாலெந்த் எண்ணும். எக்செலிலிருந்து ஒட்டிய பெயர்களில் டேப், வரி முறிவு, யூனிகோடில் 160 என்ற எண்ணுள்ள உடையா இடைவெளி எல்லாம் வரும். டிரிம் போட்டால் 160 போகாது, ரீப்ளேஸ் செய்துதான் எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இதற்கென்றே ஒரு தனி வகை உண்டு. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விண்டோஸின் கோப்பு முறைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். டேபிளில் ஒரு வகை, டிஸ்க்கில் மறுவகை என்றால் "கிடைக்கவில்லை" என்றுதான் வரும். சோதிக்க, பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து யூனிகோட் ஃபங்ஷனில் போடுங்கள். 3018 வந்தால் ஒரே குறி. 3014-உம் அடுத்ததாக 3006-உம் வந்தால் இரண்டு குறி. ஒரு பக்கத்தை மற்றதற்கு ஒத்தபடி மாற்றினால் தீர்ந்தது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான்.

### மேப் செய்த டிரைவா

உங்கள் லாகினில் இசட் டிரைவ் தெரியும். டேட்டாபேஸ் சேவை வேறொரு கணக்கில் ஓடுகிறது, அதற்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. இரண்டு பின்சாய்வில் தொடங்கும் நெட்வொர்க் பாத்தை நேரடியாக எழுதுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கிடைக்கவில்லை என்றால், கோப்பு நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம். வைரஸ் தடுப்பு தனிமைப்படுத்தி வைத்திருக்கிறதா என்று சர்வர் நிர்வாகியைக் கேட்பது அடுத்த படி.

## அறிகுறி: "கட்டளையின் அமைப்பு தவறு"

ரென்னுக்கு இரண்டு முழுப் பாத் கொடுத்தீர்களா? ரென் கட்டளையின் இரண்டாவது பாதியில் பெயர் மட்டும்தான் வர வேண்டும், பாத் வரக் கூடாது. இடமும் மாற வேண்டும், பெயரும் மாற வேண்டும் என்றால் காப்பி ஒன்றே போதும். சேருமிடத்தில் புதிய பெயரை எழுதினால் நகலும் பெயர் மாற்றமும் ஒரே கட்டளையில் முடியும்.

புதிய பெயரில் தேதி இருக்கிறதா? தேதியை 103 பாணியில் கன்வெர்ட் செய்தால் நடுவில் சாய்கோடு வரும். 120 பாணியில் நேரத்துக்கு நடுவே முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் இரண்டும் ஆகாது. < > | ? * மற்றும் இரட்டை மேற்கோளும் ஆகாது. 112 பாணி வெறும் எட்டு இலக்கம் தரும், அதைப் பயன்படுத்துங்கள்.

பெயரில் & இருக்கிறதா? மேற்கோளுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியே இருந்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் இன்னொரு கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். பெயர் வெளியாட்கள் பதிவேற்றியதாக இருந்தால் இது வெறும் கோளாறோடு நிற்காது. யாரோ வைத்த பெயர் உங்கள் சர்வரில் கட்டளையாக ஓடுகிறது. அப்படிப்பட்ட தரவை இந்த வழியில் கையாளவே கூடாது.

கட்டளையே மேற்கோளில் தொடங்குகிறதா? ஜிப் நிரல் மாதிரி, இடைவெளியுள்ள ஃபோல்டரில் இருக்கும் ஒன்றை அழைக்கும்போது நிரலின் பாத்துக்கும் மேற்கோள், கோப்பின் பாத்துக்கும் மேற்கோள் வரும். அப்போது கமாண்ட் நிரல் முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் உரித்துப் போட்டுவிடும். "சி:\புரோகிராம்" என்று ஒரு கட்டளை இல்லையே என்று புலம்பும். மொத்தத்தையும் சுற்றி இன்னொரு ஜோடி மேற்கோள் போட்டால் அதை உரித்துக்கொண்டு உள்ளே இருப்பதை விட்டுவிடும்.

கையால் ஓடுகிறது, பேட்ச் கோப்பில் எழுதினால் ஓடவில்லையா? பெயரில் % இருக்கும். பேட்ச் கோப்பில் அதை %% என்று இரட்டிக்க வேண்டும்.

## அறிகுறி: பெயர் முழுக்க ???? ஆகிவிட்டது

இதில் கொஞ்சம் நிதானம் தேவை. ஏனென்றால் மற்ற அறிகுறிகளில் வேலை நிற்கும், இதில் தரவு கெடும்.

முதலில், கேள்விக்குறி எங்கே தெரிகிறது என்று பாருங்கள். கட்டளையின் வெளியீட்டில் மட்டும் தெரிந்து, டிஸ்க்கில் பெயர் சரியாக இருந்தால் அது காட்சிக் கோளாறு. வெளியீட்டின் எழுத்துக் குறியேற்றம் பொருந்தவில்லை, அவ்வளவுதான், விட்டுவிடலாம்.

செலக்ட் போட்ட கட்டளையிலேயே கேள்விக்குறி இருந்தால், சரத்துக்கு முன்னால் போட வேண்டிய N என்ற ஆங்கில எழுத்து விட்டுப்போயிருக்கும். அல்லது நடுவில் ஏதோ ஒரு மாறி என்வார்கேருக்குப் பதில் வார்கேராக இருக்கும். பத்து மாறியில் ஒன்று அப்படி இருந்தாலும் போதும், அதன் வழியாகப் போகும் பெயர் எல்லாம் கெடும்.

டேபிளிலேயே கேள்விக்குறி இருந்தால் அந்தப் பெயர் போயே போய்விட்டது. அதை மீட்கும் ஃபங்ஷன் எதுவும் இல்லை. மூலப் பட்டியலிலிருந்தோ பேக்கப்பிலிருந்தோ மறுபடி ஏற்ற வேண்டும், இந்தத் தடவை என்வார்கேர் நெடுவரிசையில்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். கமாண்ட் விண்டோவில் கேள்விக்குறி என்பது "எந்த எழுத்தானாலும் சரி" என்ற குறி. மூலப் பெயர் ????.பிடிஎஃப் என்று ஆகிவிட்டால், நான்கு எழுத்துக்குள் பெயருள்ள எல்லா பிடிஎஃப் கோப்புகளும் அதில் பொருந்தும். பல கோப்புகளை ஒரே சேருமிடப் பெயருக்கு நகலெடுக்கச் சொன்னால் காப்பி கட்டளை மறுக்காது. ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக்கிவிடும். என் கையில் ஒரு முறை இது நடந்தது. புதிய பெயரோடு ஒரு பெரிய பிடிஎஃப் உருவாகியிருந்தது, திறக்கவே இல்லை. வெளியீட்டில் "1 கோப்பு நகலெடுக்கப்பட்டது" என்று வேறு இருந்தது. அன்றிலிருந்து, பாத்தில் ? அல்லது * இருந்தால் அந்தப் பதிவைத் தாண்டிப் போகும் ஒரு நிபந்தனை என் எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் வரியில் இருக்கும். \\?\ முன்னொட்டைச் சேர்ப்பதாக இருந்தால் அதற்கு முன்பே இந்தச் சோதனையை வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: "பெயர் மிக நீளம்" அல்லது நீளமான பெயர்கள் மட்டும் தோற்கின்றன

விண்டோஸில் பழைய வரம்பு ஒரு முழுப் பாத்துக்கு 260. அதில் டிரைவ் எழுத்து, சாய்கோடுகள், கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி எல்லாம் அடக்கம், ஆக உங்களுக்குக் கிடைப்பது 259. ஃபோல்டர் உருவாக்கும்போது இன்னும் குறைவு, 248-க்குள் அடங்க வேண்டும். பாத் எப்படி இருந்தாலும் தனிப் பெயர் ஒன்று 255-ஐத் தாண்ட முடியாது.

நகலெடுக்கும் முன்பே சேருமிடப் பாத்தின் நீளத்தைக் கணக்கிட்டு, 259-ஐத் தாண்டும் பதிவுகளைத் தனியாகப் பட்டியலிடுங்கள். மூலத்தில் இருக்கும் கோப்பு ஏன் சேருமிடத்தில் அடங்கவில்லை என்று கேட்பார்கள். ஃபோல்டர் பெயர்தான் காரணம். பயனர்கள் ஷேர் வழியாகச் சின்னப் பாத்தில் சேமித்திருப்பார்கள். அதே ஷேர் சர்வருக்குள் ஐந்தாறு அடுக்கு ஆழத்தில் இருக்கும். ஸ்கிரிப்ட் அந்த முழு ஆழத்தையும் எழுதும்போது வரம்பு உடைகிறது.

சரிசெய்யும் வழிகள், மலிவானதிலிருந்து:

1. சேருமிட ஃபோல்டரைச் சுருக்குங்கள். டிரைவின் வேரிலேயே ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர். கௌரவமான தீர்வு இல்லைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் முடியும்.
2. சப்ஸ்ட் கட்டளையால் ஆழமான ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுங்கள். அதையும் சிஎம்டிஷெல் வழியாகவே கொடுக்க வேண்டும். உங்கள் லாகினில் கொடுத்தால் சேவைக் கணக்குக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.
3. பாத்தின் முன்னால் \\?\ சேருங்கள். முழுப் பாத்தாக இருக்க வேண்டும், சாய்கோடு பின்சாய்வாகவே இருக்க வேண்டும். நெட்வொர்க் பாத்துக்கு முன்னொட்டோடு யுஎன்சி என்ற சொல்லும் சேரும்.
4. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் நிரலைப் பயன்படுத்துங்கள். நீளமான பாத் அதற்குப் பழக்கம். ஆனால் அது பெயர் மாற்றாது. ஃபோல்டருக்கு நகலெடுத்த பிறகு பெயர் மாற்றத்தைத் தனியாகச் செய்ய வேண்டும்.
5. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்தும் சர்வர் 2016-இலிருந்தும் நீளமான பாத் வரம்பை நீக்க ஒரு ரெஜிஸ்ட்ரி அமைப்பு உண்டு. அதைப் போட்டால் மட்டும் போதாது, கோப்பைக் கையாளும் நிரலும் அதை ஏற்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். பவர்ஷெல்லுக்கு மாறுவதாக இருந்தால் யோசிக்கலாம். சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது நிர்வாகியின் வேலை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புதிய பெயரை முதல் 100 எழுத்தோடு வெட்டிவிடுவது. நீளமான பெயர்களின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், வேறுபாடு கடைசியில்தான் வரும். வெட்டியதும் பல பெயர்கள் ஒன்றாகி, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசியில் நகலானது மட்டும் மிஞ்சும். பிழையும் வராது. வெட்டத்தான் வேண்டும் என்றால் பதிவின் அடையாள எண்ணைப் பெயரின் இறுதியில் சேர்த்துவிட்டு, ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதா என்று குரூப் பை போட்டுப் பாருங்கள்.

எனக்குக் கேட்டால், டிஸ்க்கில் கோப்பின் பெயர் வெறும் அடையாள எண்ணாக இருக்கட்டும், நீளமான பெயர் டேபிளிலேயே இருக்கட்டும் என்பேன். டேட்டாபேஸ் இருப்பதே அதற்குத்தானே? முடிவு உங்கள் கையில் இருந்தால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது.

### சேருமிடம் லினக்ஸாக இருந்தால்

லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட். விண்டோஸிலும் 255 என்கிறார்களே, ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். விண்டோஸ் எண்ணுவது யூனிகோட் குறிகளை, லினக்ஸ் எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "பேச்சுவார்த்தை" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் விண்டோஸுக்கு 14. லினக்ஸுக்கு 42. அதாவது லினக்ஸில் தமிழ்ப் பெயருக்கு நீட்சியைச் சேர்க்காமலேயே அதிகபட்சம் 85 குறிகள், கண்ணால் பார்த்தால் ஏறக்குறைய ஒரு வரி. ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த ஃபோல்டர் என்றால் 143 பைட்தான், தமிழில் 47 குறி.

விண்டோஸ் கணினியில் சரியாக இருந்த தமிழ்ப் பெயர்கள் மட்டும் நெட்வொர்க் சேமிப்பகத்தில் விழ மறுத்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

## அறிகுறி: "அனுமதி மறுக்கப்பட்டது"

எளியது முதலில். சேருமிடத்தில் அதே பெயரில் படிக்க மட்டும் என்ற பண்போடு ஒரு கோப்பு இருந்தால், அதன் மேல் எழுத முடியாமல் இதே செய்திதான் வரும். அனுமதிப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் சிஎம்டிஷெல் வழியாக ஹூஆமை கட்டளையை ஓட்டுங்கள். எந்தக் கணக்கில் வேலை நடக்கிறது என்று ஒரு வரியில் சொல்லும். உங்கள் பெயர் வராது. சேவைக் கணக்கின் பெயர் வரும். நீங்கள் சிஸ்அட்மின் (டேட்டாபேஸில் முழு அதிகாரமுள்ளவர்) இல்லை என்றால் நிர்வாகி அமைத்த பிராக்சி கணக்கின் பெயர் வரும். அந்தக் கணக்குக்குத்தான் ஃபோல்டர் அனுமதி வேண்டும். நெட்வொர்க் ஷேர் என்றால் ஷேர் அனுமதி, கோப்பு அனுமதி இரண்டும் வேண்டும், ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டாலும் மறுக்கும். இயல்பாக அமைந்த சேவைக் கணக்கு நெட்வொர்க்கில் போகும்போது கணினியின் பெயரோடு டாலர் குறி சேர்ந்த கணக்காகத் தெரியும். அனுமதியை அதற்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கே நிறுத்திக்கொண்டு நிர்வாகியைக் கூப்பிடுங்கள். ஹூஆமை சொன்ன பெயர், மறுக்கப்பட்ட ஃபோல்டர், எழுத வேண்டுமா படித்தால் போதுமா: இந்த மூன்றையும் சொன்னால் அவருக்கு வேலை சுலபம். அவசரத்துக்குச் சேவைக் கணக்கை அட்மின் குழுவில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வேலை ஓடிவிடும், அதன் பிறகு அதை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

## அறிகுறி: ஸ்கிரிப்ட் தொங்குகிறது

சேருமிடத்தில் அதே பெயர் இருந்தால் காப்பி "மேலெழுதவா?" என்று கேட்கக்கூடும். எக்ஸ்காப்பி "இது கோப்பா ஃபோல்டரா?" என்றும் கேட்கும். திரையே இல்லாத இடத்தில் கேட்டால் யார் பதில் சொல்வது? காப்பிக்கு ஆமாம் என்ற பதிலைத் தரும் /ஒய் சேர்க்கலாம். ஆனால் மேலே சொன்ன ஒரே பெயர் சோதனையை முடித்த பிறகு சேருங்கள். முன்பே சேர்த்தால் எச்சரிக்கையையே அணைத்த மாதிரி.

ரோபோகாப்பி தொங்கினால் காரணம் வேறு. பூட்டிய கோப்பு ஒன்று வந்தால் அது மறுபடி முயலும். இயல்பான எண்ணிக்கை 10 லட்சம் தடவை, ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் 30 விநாடி. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம். ஆர், டபிள்யூ என்ற இரண்டு அமைப்புகளையும் 2 தடவை, 5 விநாடி மாதிரி குறைத்து வையுங்கள்.

தொங்கிய இணைப்பைக் கில் போட்டாலும் போகாது, கில் ஆகிக்கொண்டே இருக்கும். சர்வரின் டாஸ்க் மேனேஜரில் அந்தக் கமாண்ட் நிரலை முடித்தால்தான் விடும். உங்களுக்கு அங்கே நுழைய அனுமதி இல்லை என்றால் நிர்வாகிதான் வர வேண்டும். டேட்டாபேஸ் சேவையை மறுதொடக்கம் செய்வது கடைசி வழி.

## அறிகுறி: கோப்புகள் சரியாக வந்துவிட்டன, ஆனால் ஜாப் தோல்வி என்கிறது

ரோபோகாப்பி போட்டிருப்பீர்கள். அதன் அகராதியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் நகலெடுத்தாயிற்று. 8-க்குக் கீழே எல்லாமே நலம். டேட்டாபேஸுக்கோ 0 தவிர எல்லாமே தோல்வி. கட்டளையின் முடிவு எண் 8-க்குக் கீழ் இருந்தால் 0 என்று திருப்பும்படி ஒரு சின்ன பேட்ச் கோப்பில் சுற்றி அழையுங்கள்.

## ஆரக்கிளில் நகல் மட்டும் கெட்டுப் போகிறதா

ஆரக்கிளோடு வரும் யுடிஎல் ஃபைல் தொகுப்பில் உள்ள எஃப்காப்பி எழுத்துக் கோப்புகளுக்கானது, வரி வரியாகப் படித்து எழுதும். படத்தையோ பிடிஎஃப்பையோ அதில் நகலெடுக்காதீர்கள். டிபிஎம்எஸ் ஃபைல் டிரான்ஸ்ஃபர் பைனரியை ஏற்கும், ஆனால் கோப்பின் அளவு 512 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்று கேட்கும். சாதாரணக் கோப்புகளில் அது அமைவது அபூர்வம். பெயர் மாற்றம் மட்டும் என்றால் எஃப்ரீநேம் நன்றாகவே செய்யும். அதே பெயரில் இன்னொன்று இருந்தால் மேலெழுதாமல் பிழை தரும், அந்த இயல்பை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: பாதியில் நின்றது, எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரியவில்லை

டேட்டாபேஸில் ரோல்பேக் போட்டால் டேபிள் பழையபடி ஆகும். டிஸ்க்கில் பெயர் மாறிய கோப்பு மாறியதுதான். ஆகவே மறுபடி முதலிலிருந்து ஓட்டாதீர்கள். ஏற்கனவே பெயர் மாறியவை "கிடைக்கவில்லை" என்று குவியும், உண்மையான பிழைகள் அதற்குள் மறைந்துவிடும்.

சேருமிட ஃபோல்டரின் பட்டியலை அளவோடு எடுத்து ஒரு டேபிளில் ஏற்றி, உங்கள் பட்டியலோடு இணைத்துப் பாருங்கள். மூன்று வகையாகப் பிரியும். பெயரும் அளவும் பொருந்துபவை முடிந்தவை. பெயர் பொருந்தி அளவு பொருந்தாதவை நடுவில் அறுந்தவை, அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்கலாம். இல்லாதவை இன்னும் தொடாதவை. மூலமும் இல்லை, சேருமிடத்திலும் இல்லை என்று நான்காவதாக ஒரு வகை வந்தால் எதையும் ஓட்டாமல் அப்படியே நிறுத்திவிட்டு, பேக்கப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம்.

அடுத்த தடவைக்கு, ஒவ்வொரு பதிவிலும் தொடங்கிய நேரம், திரும்பிய எண், முடிந்த நேரம் மூன்றும் உடனுக்குடன் எழுதப்படட்டும். மூவ் கட்டளை வேண்டாம். காப்பி செய்து, அளவை ஒப்பிட்டு, மூலத்தை அழிக்கும் வேலையை ஒரு நாள் கழித்துத் தனி ஸ்கிரிப்டாக ஓட்டுங்கள்.